அலாரம் அடிப்பது டிரைவ், குற்றவாளி யார்?

(தொழில்துறை இளைஞர்களுக்கான தொலைக்காட்சிக் கருத்தரங்கில், சிஎன்சி இயந்திரங்களின் ஸ்பிண்டல் டிரைவ் பழுது பற்றி ஆற்றப்பட்ட உரையும் அதைத் தொடர்ந்த கேள்வி பதிலும் இங்கே கட்டுரை வடிவில் இடம்பெறுகின்றன.)



‘எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?’ என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். சிஎன்சி இயந்திரம் பழுதுபார்க்கும் தொழிலுக்கு வருகிற ஒவ்வொருவரும் இந்தப் பழமொழியை எழுதிக் கருவிப் பெட்டியின் மூடியில் ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும் என்பேன். ஏன் அப்படிச் சொல்கிறேன்? அதற்கு முதலில் ஒரு நிகழ்ச்சியைக் கூற வேண்டும்.

ஒரு பட்டறையில் நடந்தது

சுமார் பத்து ஆண்டுகளுக்கு முன்பு, கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு சிறிய பட்டறை. மொத்தம் மூன்றே இயந்திரங்கள். அவற்றில் ஒன்று நிமிர்ந்த தலை கொண்ட மெஷினிங் சென்டர். ஒரு நாள் மாலை அதன் ஸ்பிண்டல் நின்றுவிட்டது. திரையில் ‘ஓவர் கரண்ட்’ அலாரம். டிரைவைக் கழற்றிப் பழுதுபார்க்க அனுப்பினார்கள். உள்ளே பவர் மாடியூல் எரிந்திருந்தது. ஆறாயிரம் வெள்ளி செலவு செய்து சரிப்படுத்தி மாட்டினார்கள். பதினோராவது நாள் மீண்டும் அதே அலாரம், அதே எரிந்த வாடை.

முதலாளிக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. இயந்திரத்தை இயக்கியவர் இருபத்திரண்டு வயது இளைஞர். “நீதான் டூலை எங்கேயோ மோதவிட்டிருக்கிறாய். டிரைவ் சும்மா எரியுமா?” என்று அவர்மேல் பழியைப் போட்டார். சம்பளத்தில் பிடித்தம் செய்தார். இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்த அந்தத் தம்பி, வேலையை விட்டே போய்விட்டார். அதற்குப் பிறகுதான் என்னை அழைத்தார்கள். இரண்டாம் முறை பழுதுபார்த்த டிரைவ் அட்டைப் பெட்டியில் இருந்தது. “மாட்டிக் கொடுத்தால் போதும்” என்றார் முதலாளி.

மாட்டிக் கொடுப்பது அரை மணி நேர வேலை. ஆனால் இரண்டு முறை எரிந்த பொருள் மூன்றாம் முறை மட்டும் எரியாமல் இருக்குமா? அதை யாராவது சிந்தித்தார்களா? இல்லை. அந்தக் கதையின் முடிவைப் பிறகு சொல்கிறேன். முதலில் டிரைவ் என்றால் என்ன என்று பார்ப்போம்.

டிரைவ் செய்யும் வேலை

சிஎன்சி இயந்திரத்தில் வெட்டும் டூலைப் பிடித்துச் சுழற்றுவது ஸ்பிண்டல். லேத் என்றால் அது வேலைப்பொருளைப் பிடித்துச் சுழற்றும். ஸ்பிண்டலைச் சுற்றுவது மோட்டார். எவ்வளவு வேகம், எந்தத் திசை என்று கட்டளை இடுவது கன்ட்ரோலர். புரோகிராமில் ‘எஸ் 2000, எம் 03’ என்று வந்தால், நிமிடத்திற்கு 2000 சுற்று, வலப்புறமாகச் சுற்று என்று பொருள். ஆனால் கன்ட்ரோலர் அனுப்புவது சிறிய சிக்னல் மட்டுமே. அந்தச் சிக்னலுக்கு ஏற்ப மோட்டாருக்குப் பெரிய மின்சாரத்தை அளந்து கொடுப்பதுதான் டிரைவ்.

டிரைவுக்குள் மூன்று பகுதிகள் உண்டு. முதல் பகுதி ரெக்டிபையர். வெளியிலிருந்து வரும் மும்முனை ஏசி மின்சாரத்தை டிசியாக மாற்றுகிறது. இரண்டாவது பகுதி கெப்பாசிட்டர் வரிசை. அதை வீட்டுக் கூரைமேல் இருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கு ஒப்பிடலாம். வருகிற மின்சாரத்தைத் தேக்கி, ஏற்ற இறக்கமின்றி வைத்துக்கொள்கிறது. மூன்றாவது பகுதி இன்வெர்ட்டர். அதில் ஐஜிபிடி எனப்படும் ஆறு மின் சுவிட்சுகள் உள்ளன. வினாடிக்கு ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடி, மோட்டாருக்கு வேண்டிய வேகத்தில் புதிய மும்முனை மின்சாரத்தை உண்டாக்குகின்றன.

மோட்டார் சரியான வேகத்தில் சுற்றுகிறதா என்று யார் கண்காணிப்பது? மோட்டாரில் அல்லது ஸ்பிண்டலில் பொருத்தப்பட்டுள்ள என்கோடர். அது சுற்றை எண்ணித் திருப்பிச் சொல்கிறது. டிரைவ் அதைக் கேட்டுக் கூட்டிக் குறைக்கிறது.

ஆக, டிரைவ் நடுவில் நிற்கிற ஆள். முன்னால் மின்சாரம், பின்னால் மோட்டார், பக்கத்தில் என்கோடர், மேலே கன்ட்ரோலர், கீழே பெல்ட்டும் பேரிங்கும். இந்த ஐந்தில் எதில் கோளாறு வந்தாலும் அலாரம் டிரைவில்தான் அடிக்கும். அடித்தவுடன் “டிரைவ் போச்சு” என்று சொல்லிவிடுகிறோம். அம்பை நோகிறோம், எய்தவனை விட்டுவிடுகிறோம்.

முதலில் உயிர், பிறகுதான் இயந்திரம்

அலமாரிக் கதவைத் திறப்பதற்கு முன் ஒன்றை மனத்தில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். நான் சொன்ன கெப்பாசிட்டர் தொட்டியில் இருக்கும் மின்சாரம் எவ்வளவு தெரியுமா? 200 வோல்ட் டிரைவ் என்றால் சுமார் 280 வோல்ட் டிசி. 400 வோல்ட் டிரைவ் என்றால் சுமார் 560 வோல்ட் டிசி. மெயின் சுவிட்சை அடைத்த பிறகும் அது உள்ளேயே இருக்கும். கை பட்டால் உயிரைக் குடிக்கும்.

ஆகவே மெயின் சுவிட்சை அடைத்துப் பூட்டுப் போடுங்கள். ‘வேலை நடக்கிறது’ என்ற அட்டையைத் தொங்கவிடுங்கள். சாவி உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும். பிறகு தயாரிப்பாளர் கையேட்டில் சொல்லியுள்ள நேரம் வரை காத்திருங்கள். பெரும்பாலும் ஐந்து முதல் பதினைந்து நிமிடம் வரை இருக்கும். டிரைவில் இருக்கும் சார்ஜ் விளக்கு அணைந்துவிட்டது என்பதை மட்டும் நம்பாதீர்கள், விளக்கே பழுதாகியிருக்கலாம். டிசி முனைகளில் மீட்டரை வைத்து அளந்து, மின்னழுத்தம் வடிந்துவிட்டது என்று உறுதி செய்த பிறகே கை வைக்க வேண்டும்.

இன்னொன்று. மலேசியாவில் மின்சார வேலைக்கு எரிசக்தி ஆணையம் வழங்கும் வயர்மேன், சார்ஜ்மேன் தகுதிச் சான்றிதழ்கள் உள்ளன. நான் இங்கே சொல்லும் சோதனைகள் முறையாகப் பயிற்சி பெற்றவர்களுக்கு உரியவை. மற்றவர்கள் தெரிந்துகொள்ளலாம், தொட வேண்டாம்.

முதல் படி: கேளுங்கள், எழுதுங்கள்

டாக்டரிடம் போனால் உடனே ஊசி போடுகிறாரா? “எப்போதிருந்து வலிக்கிறது? சாப்பிட்ட பிறகா, அதற்கு முன்பா?” என்று கேட்கிறார் அல்லவா? நாமும் அப்படித்தான் தொடங்க வேண்டும். அலாரம் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். ரீசெட் பட்டனை அழுத்துவதற்கு முன்பே எழுதுங்கள். அதைவிட முக்கியம், அலாரம் எந்த நேரத்தில் அடித்தது என்பது. நேரம்தான் பாதி விடையைச் சொல்லிவிடும்.

மின்சாரம் கொடுத்தவுடன், ஸ்பிண்டல் அசைவதற்கு முன்பே அடிக்கிறதா? டிரைவுக்குள் ஐஜிபிடி ஷார்ட் ஆகியிருக்கலாம்.

வேகம் எடுக்கும்போது ஓவர் கரண்ட் என்று அடிக்கிறதா? மோட்டார், கேபிள், இறுகிப்போன பேரிங், குறைந்த மின்னழுத்தம் ஆகிய நான்கையும் சந்தேகியுங்கள்.

ஸ்பிண்டல் நிற்கும்போது ஓவர் வோல்டேஜ் என்று அடிக்கிறதா? வேகமாகச் சுற்றுகிற மோட்டாரை நிறுத்தும்போது அது ஜெனரேட்டராக மாறி மின்சாரத்தைத் திருப்பி அனுப்புகிறது. அதை வெப்பமாக எரித்துவிட ஒரு பிரேக் ரெசிஸ்டர் இருக்கும்; அல்லது மெயின் லைனுக்கே திருப்பி அனுப்பும் அமைப்பு இருக்கும். ரெசிஸ்டர் அறுந்துபோனால் அந்த மின்சாரம் போக வழியில்லாமல் தொட்டி நிரம்பி வழிகிறது. ரெசிஸ்டரை ஓம் மீட்டரில் அளந்து, அதன்மேல் எழுதியுள்ள அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

காலையில் நன்றாக ஓடி, மதியத்திற்கு மேல்தான் அடிக்கிறதா? வெப்பம்.

குறிப்பிட்ட வேகத்தை எட்டாமல் தடுமாறி அடிக்கிறதா? என்கோடர் அல்லது பெல்ட்.

இவ்வளவையும் சொல்லக்கூடியவர் யார்? தினமும் எட்டு மணி நேரம் அந்த இயந்திரத்தின் முன் நிற்கும் இயக்குநர். அவரைக் கேட்காமல் வேலையைத் தொடங்குவது, நோயாளியைக் கேட்காமல் மருந்து எழுதுவதற்குச் சமம்.

இரண்டாம் படி: மின்சாரம் வருகிற வழி

நம் நாட்டில் தொழிற்சாலைகளுக்கு வரும் மும்முனை மின்சாரம் 400 வோல்ட். பழைய ஆட்கள் இன்னும் 415 என்பார்கள். ஆனால் பட்டறைகளில் இருக்கும் ஜப்பானிய இயந்திரங்கள் பல, 200 வோல்ட்டுக்காகச் செய்யப்பட்டவை. அதனால் இடையில் ஒரு டிரான்ஸ்பார்மர் நிற்கும். அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பின்பக்கம் தூசு படிந்து கிடக்கும். அதன் முனைகளில் ஓர் ஆணி தளர்ந்தால்கூடப் போதும், டிரைவ் படாத பாடு படும்.

மூன்று முனைகளுக்கு இடையிலும் அளந்து பாருங்கள். 400 வோல்ட்டில் 8 வோல்ட்டுக்கு மேல், அதாவது 2 விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு தெரிந்தால் காரணத்தைத் தேட வேண்டும். மின்னழுத்தத்தில் சிறிய வேறுபாடு, கரண்டில் பல மடங்கு பெரிய வேறுபாடாக மாறும்.

இதில் பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. இயந்திரம் சும்மா நிற்கும்போது அளந்துவிட்டு, “மின்சாரம் சரி” என்று எழுதிவிடுவார்கள். தளர்ந்த முனையும் தேய்ந்த கான்டக்டரும் சும்மா இருக்கும்போது நல்லபிள்ளையாகவே இருக்கும். ஸ்பிண்டல் வேகம் எடுக்கும் அந்த இரண்டு மூன்று வினாடிகளில்தான் சுயரூபம் தெரியும். அந்த நேரத்தில் அளக்க வேண்டும்.

மூன்றாம் படி: மூச்சு விட முடிகிறதா?

மலேசியாவும் சிங்கப்பூரும் ஆண்டு முழுவதும் வெப்பமும் ஈரமும் நிறைந்த நாடுகள். பட்டறைக்குள் கூலன்ட் ஆவியும் எண்ணெய்ப் புகையும் வேறு. இவை மின் அலமாரிக்குள் நுழைந்து, தூசியோடு சேர்ந்து பிசினைப் போல ஒட்டிக்கொள்ளும். டிரைவின் பின்பக்கம் இருக்கும் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே கைவிரல் நுழையாத அளவுக்கு அழுக்கு. மின்விசிறி நின்று எத்தனை மாதம் ஆயிற்றோ, யாருக்கும் தெரியாது.

சிலர் என்ன செய்கிறார்கள்? அலமாரிக் கதவைத் திறந்து வைத்து வெளியே இருந்து ஒரு மேசை விசிறியைத் திருப்பி விடுகிறார்கள். அன்றைக்கு அலாரம் நிற்கும். ஆனால் பட்டறையில் இருக்கும் எண்ணெய்ப் புகையையும் இரும்புத் தூளையும் விருந்துக்கு அழைத்தது போலாகும். ஆறு மாதத்தில் பெரிய செலவு வரும்.

கெப்பாசிட்டருக்கு ஒரு கணக்கு உண்டு. அது வேலை செய்யும் இடத்தின் வெப்பம் 10 டிகிரி கூடினால், அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகக் குறையும். சில பத்து வெள்ளி பெறும் விசிறியை மாற்றாமல் விட்டதற்காக ஆயிரக்கணக்கில் கொடுப்பவர்களை நான் ஒவ்வொரு மாதமும் பார்க்கிறேன்.

நான்காம் படி: மோட்டாரும் கேபிளும்

இதுதான் மிக முக்கியமான படி. ஏனென்றால் இதைத் தாண்டிச் சென்றவர்கள்தான் புதிய டிரைவை மாட்டிய அன்றே எரித்திருக்கிறார்கள்.

மின்சாரத்தை அடைத்து, கெப்பாசிட்டர் வடிந்த பிறகு, டிரைவிலிருந்து மோட்டாருக்குப் போகும் யு, வி, டபிள்யு கம்பிகள் மூன்றையும் டிரைவிலிருந்து கழற்றிவிடுங்கள். இது கட்டாயம். இன்சுலேஷன் பார்க்கும் மெக்கர் கருவி 500 வோல்ட்டை உள்ளே அனுப்பும். டிரைவை இணைத்து வைத்துக்கொண்டே மெக்கர் போட்டால், நன்றாக இருந்த டிரைவையும் நாமே கொன்றவர்களாவோம்.

முதலில் மூன்று கம்பிகளுக்கு இடையே ஓம் அளவு. மூன்றும் ஒரே அளவாக இருக்க வேண்டும். அடுத்து, கம்பிக்கும் எர்த்துக்கும் இடையே மெக்கர். 100 மெகா ஓமுக்கு மேல் என்றால் நல்லது. 10 முதல் 100 வரை என்றால் மூப்பு தொடங்கிவிட்டது. அவ்வப்போது பார்த்து வர வேண்டும். 1 முதல் 10 வரை என்றால் கவலைக்கிடம். 1 மெகா ஓமுக்குக் கீழே என்றால் அந்த மோட்டாரை இயக்கவே கூடாது.

அளவு குறைவாக இருந்தால் உடனே மோட்டாரைக் குறை சொல்லிவிடாதீர்கள். மோட்டார் முனைப் பெட்டியில் கேபிளைக் கழற்றி, மோட்டாரைத் தனியாகவும் கேபிளைத் தனியாகவும் அளந்து பாருங்கள். கூலன்ட் இறங்கிய முனைப் பெட்டியை வெறும் துணியால் துடைத்துக் காயவைத்ததிலேயே சரியான மோட்டார்களும் உண்டு.

இப்போது அந்தப் பட்டறைக் கதைக்கு வருகிறேன். நானும் இப்படித்தான் அளந்தேன். 100 மெகா ஓமுக்கு மேல் காட்டியது. எல்லாம் நலம். ஆனால் மனம் ஒப்பவில்லை. வேலையை விட்டுப் போன அந்த இளைஞரின் தொலைபேசி எண்ணை வாங்கிப் பேசினேன்.

“தம்பி, அலாரம் எப்ப அடிச்சது? ஞாபகம் இருக்கா?”

“நல்லா ஞாபகம் இருக்கு அண்ணே. வெட்டிக்கிட்டு இருக்கும்போது அடிக்கல. டூல் மாத்த தலை மேல போயி, மாத்தி முடிச்சு, திரும்ப சுத்த ஆரம்பிக்கும் பாருங்க, அப்பதான். ரெண்டு தடவையும் அப்பதான்.”

“முதலாளிகிட்ட இதைச் சொன்னீங்களா?”

“சொன்னேன் அண்ணே. டூல் மாத்துறதுக்கும் டிரைவ் எரியறதுக்கும் என்ன சம்பந்தம்னு திட்டினாரு.”

சம்பந்தம் இருந்தது. டிரைவைப் பொருத்தினேன். ஆனால் மோட்டார் கம்பிகளை இணைக்கவில்லை. அவற்றின் நுனிகளைத் தனித்தனியே பாதுகாப்பாகச் சுற்றி வைத்தேன். இயந்திரத்துக்கு மின்சாரம் கொடுத்துத் தலைப்பகுதியை உச்சிக்கு ஏற்றினேன். மின்சாரத்தை அடைத்தேன். காத்திருந்தேன். மீண்டும் மெக்கர் போட்டேன். முள் காட்டியது பூஜ்யம்!

தலை கீழே இருக்கும்போது கேபிள் தளர்ந்து கிடக்கும். மேலே போகும்போது வளைந்து, தூணின் பின்புறம் ஓர் இரும்பு விளிம்பில் உரசும். ஆண்டுக்கணக்கில் உரசி உரசி, மேலுறை தேய்ந்து, செம்புக் கம்பி தெரிந்தது. உச்சியில் நின்று ஸ்பிண்டல் சுழலத் தொடங்கும் அந்தக் கணத்தில் கம்பி இரும்பைத் தொட்டிருக்கிறது. கேபிளைப் புதிதாகப் போட்டு, அந்த விளிம்பைச் சீவி ரப்பர் வைத்த செலவு, ஒரு முறை டிரைவைப் பழுதுபார்த்த செலவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய். அன்று என் மெக்கரே முதலில் பொய் சொன்னது. உண்மையைச் சொன்னவர் பழி சுமந்த அந்தத் தம்பி.

ஐந்தாம் படி: டிரைவின் உள்ளே

மோட்டாரும் கேபிளும் குற்றமற்றவை என்று தெரிந்த பிறகு டிரைவுக்கு வருவோம். மல்டிமீட்டரில் டயோடு சோதனையைத் தேர்ந்தெடுங்கள். சிவப்பு முனையை டிசி மைனஸில் வைத்து, கருப்பு முனையால் யு, வி, டபிள்யு மூன்றையும் தொடுங்கள். ஏறக்குறைய 0.3 முதல் 0.6 வரை காட்டும். பிறகு கருப்பு முனையை டிசி பிளஸில் வைத்து, சிவப்பு முனையால் அதே மூன்றையும் தொடுங்கள். இங்கும் அதே அளவு வர வேண்டும். முனைகளைத் திருப்பி வைத்தால் எதுவும் காட்டக்கூடாது.

இங்கே எண்ணைவிட ஒற்றுமைதான் முக்கியம். மூன்றும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒன்று மட்டும் பூஜ்யம் காட்டினால் அந்த ஐஜிபிடி ஷார்ட். ஒன்று மட்டும் எதுவுமே காட்டாவிட்டால் உள்ளே அறுந்துவிட்டது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. இந்தச் சோதனையில் தேறிவிட்டால் டிரைவ் முழுக்க நலம் என்று பொருளல்ல. ஐஜிபிடியைத் திறந்து மூடும் சிறிய சர்க்யூட்டுகளை இந்தச் சோதனை தொடுவதில்லை. தோற்றால் டிரைவ் நிச்சயம் பழுது; தேறினால் இன்னும் விசாரணை இருக்கிறது. அவ்வளவுதான்.

ஆறாம் படி: என்கோடரும் இயந்திர உறுப்புகளும்

ஸ்பிண்டல் மெதுவாக உதறி உதறிச் சுற்றுகிறது, கரண்ட் மட்டும் எகிறுகிறது என்றால் என்கோடர் பக்கம் பாருங்கள். கண்ணில்லாதவனைக் கார் ஓட்டச் சொன்ன மாதிரி, வேகம் தெரியாத டிரைவ் தட்டுத்தடுமாறும். கனெக்டரைக் கழற்றினால் பல இடங்களில் உள்ளே எண்ணெய் நிற்கும். என்கோடருக்குப் போகும் 5 வோல்ட் மின்சாரம் மறுமுனையில் முழுதாக வருகிறதா என்று பாருங்கள். பல் சக்கரமும் சென்சாரும் உள்ள வகை என்றால், சென்சாரில் ஒட்டியிருக்கும் இரும்புத் தூளைத் துடையுங்கள். இடைவெளியைக் கையேட்டின்படி சரிபாருங்கள்.

கடைசியாக, மின்சாரத்தை மறந்துவிட்டுக் கையால் ஸ்பிண்டலைச் சுற்றிப் பாருங்கள். கரகரவென்று இருக்கிறதா? ஓர் இடத்தில் இறுகுகிறதா? பேரிங் போயிருக்கலாம். சந்தேகம் தீரவில்லையா? இயந்திர அமைப்பு இடம் கொடுத்தால், பெல்ட்டைக் கழற்றி மோட்டாரை மட்டும் மெதுவான வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். அலாரம் மறைந்தால் கோளாறு பேரிங், கியர் பக்கம். மறையாவிட்டால் கோளாறு மின்சாரப் பக்கம். ஒரு பெல்ட்டைக் கழற்றினால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடுகிறது பாருங்கள்!

கேள்வி நேரம்

அரங்கில் இருந்தவர்கள் கேட்ட சில கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்:

கேள்வி: எங்கள் பட்டறையில் ஒரே மாதிரியான இரண்டு இயந்திரங்கள் இருக்கின்றன. டிரைவை மாற்றிப் போட்டுப் பார்த்தால் உடனே தெரிந்துவிடாதா ஐயா?

பதில்: தெரிந்துவிடும், ஆனால் விலை கொடுத்துத் தெரிந்துகொள்வீர்கள். மோட்டார் ஷார்ட்டாக இருந்தால், நல்ல டிரைவை அதில் மாட்டியவுடன் அதுவும் எரியும். பிறகு இரண்டு இயந்திரமும் நிற்கும். மோட்டாரையும் கேபிளையும் சோதித்த பிறகே மாற்றிப் பார்க்கலாம். டிரைவின் எண், மோட்டார் வகை, பாராமீட்டர்கள் ஒத்திருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். பாராமீட்டர்களை முன்கூட்டியே சேமித்து வைத்திராத பட்டறை, நெருப்புக் காப்புறுதி இல்லாத வீட்டைப் போன்றது.

கேள்வி: பழைய டிரைவைப் பழுதுபார்ப்பதா, வேறொன்று வாங்கிவிடுவதா?

பதில்: காரணம் தெரிந்தால் இரண்டும் சரி, காரணம் தெரியாவிட்டால் இரண்டும் வீண். பழுதுபார்ப்பவரிடம் “என்ன எரிந்தது, எதனால் எரிந்திருக்கும்?” என்று எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். பழைய டிரைவ் என்றால் விசிறியையும் கெப்பாசிட்டரையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். இன்னொன்று, இரண்டு மூன்று ஆண்டுகள் அலமாரியில் சும்மா இருந்த டிரைவை எடுத்தவுடன் முழு மின்சாரம் கொடுக்காதீர்கள். தூங்கிக் கிடந்த கெப்பாசிட்டர் வெடிக்கக்கூடும். குறைந்த மின்னழுத்தத்தில் தொடங்கிச் சிறிது சிறிதாக உயர்த்த வேண்டும். அதற்கான கருவியும் முறையும் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

கேள்வி: நான் சாதாரண ஆபரேட்டர். மின்சாரம் படிக்கவில்லை. என்னால் என்ன செய்ய முடியும்?

பதில்: நல்ல கேள்வி. ஒரு பென்சிலும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். தினமும் காலையில் டூல் எதுவும் வெட்டாத நிலையில், ஸ்பிண்டலை ஒரே வேகத்தில் ஓட்டி லோட் மீட்டரின் அளவை எழுதி வையுங்கள். ஜனவரியில் 5 விழுக்காடு, ஜூனில் 15 விழுக்காடு என்று ஏறினால் பேரிங் உங்களிடம் பேசத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அலாரம் வந்தால் தேதி, நேரம், எண், என்ன வேகம், தலை எங்கே இருந்தது, மழையா இடியா என்று எழுதுங்கள். அந்த நோட்டு இயந்திரத்துக்கு மருத்துவக் குறிப்பு. உங்களுக்கு அதுவே சாட்சி. நாளை யாராவது “நீதான் மோதவிட்டாய்” என்று சொன்னால், வாயால் வாதாட வேண்டியதில்லை. நோட்டை நீட்டினால் போதும்.

நிறைவாக

அந்தப் பட்டறை இளைஞரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். தேய்ந்த கேபிள் துண்டை முதலாளியின் மேசைமேல் வைத்தேன். வெகுநேரம் அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று மாலையே அந்தத் தம்பிக்குத் தொலைபேசியில் பேசினார். பிடித்த பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். திரும்ப வரும்படி அழைத்தார். ஆனால் அவர் வேறு இடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டிருந்தார், வரவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுக்க முடிந்தது. கைதேர்ந்த ஓர் ஆளைத் திரும்பப் பெற முடியவில்லை. முதலாளி என்னிடம் சொன்னார்: “டிரைவுக்குப் போன காசைவிட அதுதான் பெரிய நட்டம்.”

தம்பி தங்கைகளே! அலாரம் அடித்தவுடன் பொருளை மாற்றுவதற்கு மட்டும் நம்மை அழைக்கவில்லை. காரணத்தைக் கண்டுபிடிப்பதற்காக அழைக்கிறார்கள். மீட்டர் சொல்வதைக் கேளுங்கள். அதைவிட, இயந்திரத்தின் முன் நிற்கும் மனிதர் சொல்வதைக் கேளுங்கள். இரண்டும் ஒத்துப்போகும் வரை தேடுங்கள். அப்போதுதான் எரிந்த டிரைவோடு ஒருவருடைய பிழைப்பும் சேர்ந்து எரிந்துபோகாமல் காப்பாற்ற முடியும்.